சீதேவிச் சுருட்டல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது. ஏறாவூரில் என் உம்மா, "பஸ்னா, கதைக்கிறதுக்கு முதல் ஒருக்கா மூச்ச விடு" என்று சொல்லிச் சொல்லியே களைத்துப்போனவர். பயிர்களைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்வது என் தொழில். பதினோரு வருட அனுபவம். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் எந்தக் கொச்சிக்காய்த் தோட்டத்தில், அதாவது மிளகாய்த் தோட்டத்தில், எந்த வைரஸ் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சொல்லவும் சொன்னேன். அதில் வந்த வினைதான் இது.

கொச்சிச் செடியின் இலைகள் விளிம்பு மடங்கி மேல்நோக்கிச் சுருளும், பூ உதிரும், காய் கட்டாது. இந்த நோயை இங்கே சுருட்டல் என்பார்கள். கடுகிலும் சிறிய வெள்ளை ஈ ஒன்று இதை ஒரு செடியிலிருந்து உறிஞ்சி அடுத்த செடியில் ஏற்றும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல் விரிந்த பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் உலவும் சுருட்டல் வைரஸ் ஓர் இனம், படுவான்கரையில் இருப்பது வேறோர் இனம். முதலாவது வேகமாகப் பரவும், ஆனால் சாது. இலையைச் சற்று வளைத்துவிட்டுப் போய்விடும். இரண்டாவது முரடு. பிடித்த செடியை விடாது, ஆனால் சோம்பேறி. நாலு செடி தாண்ட ஒரு போகம் எடுக்கும். நடுவில் கிடக்கும் தண்ணீர் இரண்டையும் பிரித்து வைத்திருந்தது. இதைக் கண்டுபிடித்தவள் நான். கூட்டங்களில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் கழுத்து தானாக நிமிரும்.

இந்தச் சிறுபோகத்தில், ஜூலை மாதம், படுவான்கரையிலுள்ள பழுகாமத்து விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் அழகரத்தினம் தொலைபேசியில் கூப்பிட்டார். வயல்வெளியான வட்டையின் மேட்டோரத்தில் இருந்த இருபத்தொரு கொச்சித் தோட்டங்களில் இருபது மூன்றே கிழமையில் சுருண்டுபோய்விட்டன. போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு சுருட்டலை நான் அதற்கு முன் கண்டதில்லை. எழுவான் இனத்தின் வேகமும் இருந்தது, படுவான் இனத்தின் முரட்டுத்தனமும் இருந்தது. திவாகரன் என்ற தோட்டக்காரர் வரம்பில் குந்தியிருந்து, ஒரு செடியைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

நாற்பது செடிகளில் இலை பறித்து ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த வைரஸின் உடம்பு என்பது ஒரு சின்ன வளையம், ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு மரபணு எழுத்துகள். தன்னைப் படி எடுக்கும்போதெல்லாம் அது எழுத்துப் பிழை விடும். அந்தப் பிழைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் எது எதற்குப் பிறந்தது என்று கிளை கிளையாக மரம் வரைந்துவிடலாம். முழு வளையத்தையும் வாசிக்க நேரம் பிடிக்கும். அதனால் வைரஸின் மேலுறையை ஆக்கும் ஒரு துண்டை மட்டும் வாசித்தேன். எல்லோரும் செய்வதுதான். மரம் வந்தது. நோய் பிடித்த அத்தனை செடிகளும் எழுவான்கரைக் கிளையில் போய்த் தொங்கின.

எழுவான்கரை நோய் படுவான்கரைக்கு எப்படி வந்தது? அதற்கு ஊரே பதில் வைத்திருந்தது. சீதேவிப்பிள்ளை என்று ஒரு பெண். நாற்பத்தாறு வயது, தனியாக நின்று தோட்டம் செய்கிறவர். அவருடைய மகன் நிலோஜன் போன வருடம் எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடியில் கல்யாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு போய் இருந்தான். மே மாதம் மாமனாரின் தோட்டத்திலிருந்து அறுநூறு கொச்சிக் கண்டுகளை, வாவியைக் கடக்கும் பட்டிருப்புப் பாலத்தால் ஏற்றி வந்து தாய்க்குக் கொடுத்தான். அவருடைய செடிகளிலும் எழுவான்கரைத் துண்டுதான் இருந்தது. கிளையின் அடியிலேயே இருந்தது.

நான் அறிக்கை எழுதினேன். எழுதியதோடு விட்டிருக்கலாம். மரத்தைப் பெரிய தாளில் அச்சடித்து அமைப்பின் மண்டபச் சுவரில் ஒட்டினேன். மாதிரிகளுக்குத் தோட்டக்காரரின் பேரும் இலக்கமும் போடுவது என் வழக்கம். சீதேவிப்பிள்ளையின் தோட்டத்தில் பறித்த மூன்றாவது இலைதான் தெளிவாக வாசிக்க வந்தது. அதனால் அந்தக் கிளை முழுவதற்கும் 'சீதேவி-3' என்று தலைப்புப் போட்டேன். இரண்டு நாளில் நோய்க்குப் பேர் விழுந்துவிட்டது: சீதேவிச் சுருட்டல்.

அமைப்புக் கூடி, அவருடைய தோட்டத்தை வருகிற திங்கட்கிழமை பிடுங்கி எரிப்பது என்று முடிவெடுத்தது. நோயின் ஊற்று அதுதானே. நானும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தேன்.

ஆளிடம் நேரில் சொல்லுவது மரியாதை என்று வியாழக்கிழமை போனேன். சீதேவிப்பிள்ளை கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மோட்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

"வாங்க மிஸ். எரிக்கிற நாளும் குறிச்சாச்சாம்."

"எனக்கும் கவலதான் அக்கா. ஆனா மரம் அப்பிடித்தான் சொல்லுது."

"என்ட பேரப் போட்டுச் செவத்தில ஒட்டின மரமா?"

எனக்குச் சுருக்கென்றது. பையிலிருந்த சிறிய பிரதியை விரித்து, விளங்கப்படுத்தத் தொடங்கினேன். எங்கள் மாவட்டத்தில் இந்த மரத்தை விளங்கப்படுத்துவது சுலபம். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியில் குடி, அதாவது குலம், பார்ப்பவர்கள். கோயிலை நடத்தும் வண்ணக்கர் யார், பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார் யார் என்பதெல்லாம் குடியை வைத்துத்தான். தாயின் குடி எதுவோ அதுதான் பிள்ளையின் குடி. ஒரு கிளையில் இருப்பதெல்லாம் ஒரு குடி என்று சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும்.

"சுருண்ட செடியில இரிக்கிற வைரஸ் எல்லாம் உங்கட செடியிட குடி அக்கா. எழுவான்கரைக் குடி" என்றேன்.

"எதப் பாத்துக் குடி சொல்றீங்க?"

"அதுட மேலுறைய எழுதுற துண்டப் பாத்து. முழு வளையத்தில கால்வாசிக்குக் கொஞ்சம் கூட."

"மிச்சம்?"

"மிச்சம் பாக்கல்ல. அது தேவயில்ல. ஒரு துண்டு போதும்."

சீதேவிப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரல் உயர்ந்துவிட்டது.

"என்ட மகனுக்குப் பொண் பேசப் போன இடத்தில நாங்க தாயிட குடிய மட்டும் கேட்டிட்டு எழும்பி வரல்ல மிஸ். தகப்பன்ட குடியும் கேட்டுத்தான் வெத்தில மாத்தின. ஒரு பக்கத்த மட்டும் கேட்டு ஆராவது கலியாணம் பேசுவாங்களா? நீங்க ஒரு பக்கம் கேட்டு, என்ட தோட்டத்த எரிக்கச் சொல்றீங்க!"

"இது கலியாணம் இல்ல அக்கா, விஞ்ஞானம்."

"அப்ப விஞ்ஞானத்துக்குக் கண் இல்லயா? என்ட செடியப் பாருங்க. எங்க சுருண்டு கிடக்கு? என்ட செடியில இருந்து போன நோய் எண்டா, என்ட செடியெல்லோ முதல்ல சாகோணும்?"

பார்த்தேன். இலைகள் இலேசாக வளைந்திருந்தன, அவ்வளவுதான். கொப்பு முறியக் காய்த்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் திவாகரனின் தோட்டம் பொசுங்கியதுபோல நின்றது. இந்த வித்தியாசத்தை முதல் நாளே கண்டேன். 'தாங்கும் தன்மையுள்ள வர்க்கம்' என்று குறிப்புக் கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிட்டேன்.

"தோட்டத்த எரிச்சா மறுகா நடுவன்" என்றார் அவர். கோபம் இறங்கியிருந்தது. "பேருக்கு என்னகா செய்யிற? சித்தாண்டிக் கோயிலுக்குப் போன இடத்தில, என்னத் தெரியாத ஒரு மனிசி, 'எங்கட பக்கமும் சீதேவி வரப் பாக்குதாம், பயமா இரிக்கி' எண்டு சொல்லுது. வீட்டுக்குச் சீதேவி வரட்டும் எண்டு என்ட அம்மா வெச்ச பேர்."

தோற்கும்போது எனக்குக் கோபம் வரும். ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பட்டிருப்புப் பாலம் வரைக்கும் அவர்மேல் கோபமாக இருந்தது. பாலத்தில் ஏறியபோது என்மேல் திரும்பிவிட்டது. ஆறாயிரம் மரங்களைப் படித்தவள் நான். இரண்டு வைரஸ்கள் ஒரே செடிக்குள் சந்தித்தால் கலக்கும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். இரண்டு கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதும் பிள்ளை, பாதியில் மற்றக் கொப்பிக்குத் தாவிவிடுவதுபோல, அவை படி எடுக்கும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். தலை ஒன்றினுடையது, வால் மற்றதனுடையது என்று புதிதாக ஒன்று பிறக்கும். தலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவளிடம், வால் எங்கே என்று கேட்க ஒரு தோட்டக்காரிக்குத் தோன்றியிருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் முழு வளையத்தையும் வாசித்தேன். பொசுங்கிய தோட்டங்களின் இலைகளில் இருபதை எடுத்தேன், சீதேவிப்பிள்ளையின் தோட்டத்து இலைகள் பன்னிரண்டையும் எடுத்தேன்.

சனி காலை பத்து மணிக்குத் திரையில் வந்துவிட்டது. பொசுங்கிய தோட்டங்களின் வைரஸ் மேலுறைத் துண்டில் எழுவான்கரை, மிச்சம் முழுக்கப் படுவான்கரை. இரண்டும் ஒட்டிய இடத்தில் ஒரு தழும்பு: ஒன்பது எழுத்துகள் தடுக்கி விழுந்ததுபோல இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தன. எல்லா இலையிலும் அதே இடத்தில் அதே ஒன்பது. இப்படி ஒரு தழும்பு இரண்டு இடத்தில் தனித்தனியாக விழாது. இது ஒரே இடத்தில் ஒரே தடவை பிறந்த வைரஸ்.

சீதேவிப்பிள்ளையின் இலைகளில் பத்தில் வளையம் முழுவதும் அப்பழுக்கில்லாத எழுவான்கரை. அந்தச் சாதுவான பழைய இனம். தழும்பு இல்லை. திவாகரனின் வேலியோரம் பறித்த இரண்டு இலைகளில் மட்டும் தழும்பு இருந்தது. அது அந்தப் பக்கமிருந்து இவர் பக்கம் வந்தது, இவரிடமிருந்து போனதல்ல.

நான் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன். ஆய்வுகூடத்தில் யாருமில்லை, இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். பிறகு மெல்ல உட்கார்ந்தேன். ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இந்த இரண்டு குடியும் எந்த வீட்டில் சந்தித்தன? பழுகாமத்தில் எழுவான் இனம் இருந்தது சீதேவிப்பிள்ளையின் தோட்டத்தில் மட்டும்தான். படுவான் இனம் வந்து அங்கேயே கலந்திருந்தால், பழி மறுபடியும் அவர் தலையில்தான் விழும். அதை எப்படி மறுப்பது? வேறு எங்கேயாவது இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததா?

இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

அழகரத்தினம் தன் காணியின் மூலையில் எனக்கென்று ஒரு துண்டு விட்டிருந்தார். பெப்ரவரியில் அதில் வலைக்கூடாரம் போட்டு ஆறு வர்க்கக் கொச்சி நட்டிருந்தேன். எந்த வர்க்கம் இரண்டு சுருட்டலையும் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக, நானே வெள்ளை ஈ வளர்த்து, இரண்டு இனத்தையும் ஏற்றி, உள்ளே விட்டிருந்தேன். எழுவான்கரை வைரஸை நான்தான் பாலத்தால் கொண்டுவந்தேன், மார்ச்சிலேயே, நிலோஜனுக்கு இரண்டு மாதத்துக்கு முந்தி. அந்தச் சோதனைத் துண்டை நான் மரத்தில் சேர்க்கவே இல்லை. அது வலைக்குள் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, என்னுடையது. ஊரில் எல்லோருடைய குடியையும் கேட்டுவிட்டு என் வீட்டை மட்டும் கேட்காமல் விட்டிருந்தேன்.

ஏப்ரல் மாதம் வரிசைக்கு வரிசை பறித்து உலர்த்திய இலைகள் உறைகளில் இருந்தன. இரண்டு இனமும் ஏறியிருந்த ஏழாம் வரிசையின் உறையை எடுத்தேன். மேலே என் கையெழுத்து, ஏப்ரல் பதினொன்று. நிலோஜனின் கண்டுகள் பாலம் ஏற இன்னும் ஒரு மாதம் இருந்தது. வாசித்து முடியும்வரை யன்னலோரம் நின்று ஒரு தேத்தண்ணியை ஆறவிட்டேன்.

ஒன்பது எழுத்துகள், இரண்டு தடவை.

எப்படி வெளியே போனது என்றும் உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் படம் என் மேசைக்கு மேலேதான் தொங்குகிறது. ஜூன் பதினாலில் வயல் விழா. வெளியூர் விருந்தாளிகள் வந்தார்கள். வலைக்குள்ளிருந்து படம் எடுத்தால் முகம் தெளிவில்லை என்றார் படம் எடுத்தவர். "வலையச் சுருட்டிட்டு எடுங்க" என்று சொன்னது நான். இரண்டு மணித்தியாலம் வலை திறந்து கிடந்தது. படத்தில் நடுநாயகமாக நின்று பல் முழுவதும் தெரியச் சிரிக்கிறேன். என் கறுப்பு அபாயாவின் கைப்பக்கத்தில் வெள்ளையாகச் சில புள்ளிகள். அன்றைக்குத் தூசி என்று தட்டிவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் கூட்டம் கூட்டச் சொன்னேன். போகும் வழியெல்லாம் ஷைத்தான் என் தோளில்தான் இருந்தான். அந்த உறையை என்னைத் தவிர யாரும் வாசிக்கப் போவதில்லை. பொய் சொல்லவே தேவையில்லை. 'சீதேவிப்பிள்ளை குற்றமில்லை, ஊற்று எதுவென்று இன்னும் தெரியவில்லை' என்று பாதியைச் சொன்னால் போதும். ஆனால் பாதியைப் பார்த்துவிட்டுப் பேசியதில்தான் இவ்வளவும் வந்தது. தெரியவில்லை என்றால் ஊர் நம்பாது, பேரும் போகாது. வேறு யாருடைய பேராவது வந்தால்தான் அந்தப் பேர் போகும்.

மண்டபம் நிறைந்திருந்தது. சீதேவிப்பிள்ளை கடைசி வரிசையில், கையில் மண் காயாமல், சுவரைப் பார்க்காமல் இருந்தார். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேலுறைத் துண்டு, மிச்சத் துண்டு, தழும்பு, ஏழாம் வரிசை, ஏப்ரல் பதினொன்று.

அழகரத்தினத்துக்குக் குழப்பமாக இருந்தது. "அப்ப மிஸ், இது ஆருட குடி?"

"தாய்ப் பக்கம் எழுவான்கர, தகப்பன் பக்கம் படுவான்கர. பிறந்தது என்ட வலைக்குள்ள. வலையத் தூக்கி வெளிய விட்டதும் நான்தான், வயல் விழா அண்டைக்கு. சீதேவியக்காட கண்டு இந்த ஊருக்கு வர முந்தியே அது பிறந்திட்டு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். திவாகரன் எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"எங்கட ஒரு போகம் போச்சு. ஒரு படம் புடிக்கிறத்துக்கா?"

"ஓம் அண்ணன்" என்றேன். வேறு என்ன சொல்ல இருக்கிறது? தலையைக் குனிந்தேன். பிறகு நிமிர்ந்தேன். குனிந்தே நின்றால் செடிகளை யார் பார்ப்பது?

"ஏசுறதெல்லாம் ஏசுங்க, நான் எங்கயும் போகல்ல. ஆனா இதப் பிறக்க விட்டவளுக்குத்தான் இத நிப்பாட்டவும் தெரியும். நாளைக்கு என்ட துண்டு முழுக்கப் பிடுங்கி எரிக்கோணும், முதல் செடிய நான் பிடுங்குவன். பொசுங்கின தோட்டத்தில ஒரு கட்டையும் நிக்கப்படாது. மழ வரும்வரைக்கும் இந்த வட்டையில ஆரும் கொச்சி நடப்படாது. வெள்ள ஈக்கு உறிஞ்ச ஒண்டும் கிடைக்கப்படாது. சீதேவியக்காட வேலியோரம் ரெண்டு வரிச மட்டும் போகோணும். மிச்சம் நிக்கட்டும், அதில குத்தமில்ல. அதுக்கு ஒவ்வொரு கிழமையும் நான் வந்து இலை பாப்பன்."

யாரும் கை தட்டவில்லை. ஆனால் மறுப்பும் வரவில்லை. அழகரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பிடியே செய்வம்" என்றார்.

அப்போதுதான் சீதேவிப்பிள்ளை எழுந்தார். நேரே சுவருக்குப் போய், மரத்துக்கு முன்னால் நின்று, கையை நீட்டினார்.

"பேனயத் தா."

மிஸ் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. கொடுத்தேன். 'சீதேவி-3' என்றிருந்ததைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி வெட்டினார். பிறகு பேனையை என்னிடமே தந்தார்.

"எழுது. பிறந்த பிள்ளைக்குப் பேர் வேணும்தானே."

'பஸ்னா-7' என்று எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. அவர் வாசித்துப் பார்த்தார்.

"நல்லா இரிக்கி" என்றார். "நாளைக்கு விடிய வா. உன்ட செடி பிடுங்க நானும் வாறன்."

வந்தார். ஏழாம் வரிசையின் முதல் செடியை நான் பிடுங்கினேன், இரண்டாவதை அவர் பிடுங்கினார். மூன்றாவதைப் பிடுங்கியது திவாகரன்.

செப்டெம்பரில் ஒரு நாள் வீட்டுக்குக் கொச்சிக்காய் வாங்கச் செங்கலடிச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு வியாபாரியின் முன்னால் பச்சைக் கொச்சிக்காய் குவியலாகக் கிடந்தது, நல்ல நீளம், நல்ல மினுக்கம்.

"எந்தப் பக்கத்துக் காய் இது?" என்றேன்.

"பழுகாமம், மிஸ். அங்கால பக்கம் பஸ்னா எண்டு ஒரு பொல்லாத நோய் வந்து இருபது தோட்டத்தத் திண்டுட்டு. இந்த ஒரு தோட்டம்தான் தப்பின. சீதேவிட தோட்டம். பேரப் பாருங்களன், பேருக்கேத்த காய்."

"ஓம், நல்ல பேர்" என்றேன்.

அவர் தராசில் காயை அள்ளிப் போட்டுக்கொண்டே, "மிஸ்ஸ எங்கயோ கண்ட மாதிரி இரிக்கி. மிஸ்ஸுட பேர் என்ன?" என்று கேட்டார்.

நான் ஒரு தடவை மூச்சு விட்டேன். உம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"பஸ்னா" என்றேன்.

வியாபாரி தராசைக் கீழே வைத்தார்.